உண்ணி இல்லை என்று நான் எழுதிய தாள்

நம் பூச்சிமருந்துக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போடும் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் வலியே வந்துவிட்டது. யாரோ ஒருவர் சுவரில் இருக்கும் ஒரு கறுப்புப் புள்ளியைப் படம் எடுத்துப் போடுகிறார். கீழே, "சார், இது என்ன பூச்சி?" என்று ஒரு கேள்வி. ஒரு நிமிடத்துக்குள் நாலு பேர் நாலு பெயர் சொல்லிவிடுகிறீர்கள். ஐந்தாவது ஆள் என்ன மருந்து, எத்தனை மில்லி என்பதையும் எழுதிவிடுகிறார். அந்தப் புள்ளிக்குத் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருவராவது கேட்டீர்களா?

ஓய்வு பெற்று, திருநின்றவூரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு எதற்கு இவ்வளவு கோபம் என்று நினைப்பீர்கள். கோபம் இல்லை, பயம். உங்கள் பதில்கள் வரும் வேகம்தான் காரணம். அதே வேகத்தில் நானும் ஒரு தடவை பதில் சொல்லியிருக்கிறேன்.

பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலுக்கு வந்த முதல் நாளே உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பது இதுதான். பூச்சியின் உடம்பு மூன்று பகுதி. தலை, மார்பு, வயிறு. தலையில் கண், வாய், ஒரு ஜோடி உணர்கொம்பு. மார்பில் மூன்று ஜோடிக் கால்கள், இறக்கை இருந்தால் அதுவும் அங்கேதான். வயிற்றில் குடலும் முட்டையும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இது தெரியும். விலங்கியலில் பட்டம் வாங்கிய எனக்குத் தெரியாமல் இருக்குமா? நன்றாகவே தெரியும். தெரிந்து வைத்துக்கொண்டுதான் ஒரு பெண்ணைச் சாவின் வாசல் வரைக்கும் அனுப்பினேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு நடந்தது. புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு தொழிற்சாலையின் பெண்கள் விடுதி. வெளி மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள், அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருந்தார்கள். கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளில் ஏதோ கடிக்கிறது என்று புகார். விடுதி மேலாளர் போனிலேயே பதறினார்.

"சார், நாளன்னிக்கு ஃபாரின் கஸ்டமருங்க விடுதியைப் பார்க்க வர்றாங்க. அதுக்குள்ள முடிச்சுக் குடுத்துடுங்க. இன்னா பூச்சின்னு எழுத்துல வேணும் சார். வாயால சொன்னா ஒத்துக்க மாட்டாங்க."

காலை நாஷ்டாவை முடித்துக்கொண்டு நானே நேரில் போனேன். சுவரோரம் இருந்த கட்டிலை நகர்த்தச் சொன்னேன். காரை வெடித்திருந்த இடத்தில், கசகசா அளவுக்குப் பழுப்பாகச் சின்னச் சின்ன உருவங்கள் சுவரில் மேலே ஏறிக்கொண்டிருந்தன. லென்ஸை எடுத்தேன்.

என்னோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். லென்ஸைக் கண்ணில் வைத்ததும் சுற்றி நாலு பேர் கூடினால் எனக்கு ஒரு குஷி வந்துவிடும். அன்றைக்கு மேலாளர் நின்றார், ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, இந்தப் பக்கம் மூன்று.

"ஆறு கால். பூச்சிதான். மூட்டைப்பூச்சிக் குஞ்சு. கட்டில், மெத்தை எல்லாத்துக்கும் மருந்து அடிச்சா சரியாயிடும்" என்றேன்.

மேலாளரின் முகம் அப்போதுதான் தெளிந்தது. மூட்டைப்பூச்சி என்றால் ஒரு பெயர் இருக்கிறது, ஒரு வைத்தியம் இருக்கிறது, இரண்டு நாளில் காரியம் முடிந்துவிடும்.

விடுதியைப் பெருக்கித் துடைக்கும் தேசம்மா துடைப்பத்தோடு வாசலில் நின்றிருந்தாள். பக்கத்துக் கிராமத்துக்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"சார், இது உண்ணி சார். பின்னாடி நாயிங்க படுக்கற எடத்துல இதேதான் கீது. அங்கேர்ந்துதான் செவுத்து மேல ஏறிக்கினு வருது."

"உண்ணிக்கு எட்டு கால்மா. நான் எண்ணிட்டுத்தான் சொல்றேன்."

"காலெல்லாம் எனக்குத் தெரியல சார், அவ்ளோ பொடிசா கீது. ஆனா உண்ணிதான் சார் அது."

"அப்போ ஒண்ணு பண்ணு, இந்த லென்ஸை நீ வச்சுக்க. துடைப்பத்தை என்கிட்ட குடு" என்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். மேலாளர் சிரித்தார். தேசம்மாவும் சிரித்துவிட்டு வராந்தாவைப் பெருக்கப் போய்விட்டாள். நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னேன். இன்றைக்கு அதை எழுதும்போது கை கூசுகிறது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நம் சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'பிற' என்று ஒரு கட்டம் இருக்கிறது அல்லவா? அதில் வழக்கமாக நாம் ஒரு கோடு போட்டுவிட்டு வந்துவிடுவோம். அன்றைக்கு அந்தப் பெண் உண்ணி என்று சொல்லிவிட்டாளே என்று, வேண்டுமென்றே அதில் எழுதினேன்: "உண்ணி இல்லை. பரிசோதித்தேன்." கீழே கையெழுத்து. கொல்லைப்புறத்துக்கு நான் போகவே இல்லை. நாய்கள் படுக்கும் இடத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கட்டிலுக்கும் மெத்தைக்கும் மருந்து அடித்தோம். வெளிச்சுவரை விட்டுவிட்டோம்.

ஒரே ஒரு காரியம் உருப்படியாகச் செய்தேன். அதுவும் பழக்கத்தால் நடந்ததுதான். சுவரிலிருந்து எடுத்ததில் நாலைந்தைச் சின்னக் குப்பியில் ஸ்பிரிட்டுக்குள் போட்டு, தேதியும் இடமும் எழுதி, அலுவலக மேஜை இழுப்பறையில் வைத்தேன்.

பன்னிரண்டு நாள் கழிந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருந்த எங்கள் கிளை அலுவலகத்தில் இருந்தேன். காலை பதினொரு மணி வாக்கில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"சார், ஹாஸ்டல் செவுத்துல ஒட்டிக்கீற உங்க கம்பெனி ஸ்டிக்கர்ல இந்த நம்பர் இருந்துச்சு. நான் தேசம்மா ஊட்டுக்காரரு ஏகாம்பரம் பேசறேன். ஷேர் ஆட்டோ ஓட்றேன். நீங்க அன்னிக்கு அடிச்சது இன்னா மருந்து சார்?"

"ஏங்க, என்ன ஆச்சு?"

"அஞ்சு நாளா காய்ச்சல் எறங்கவே இல்ல சார். தலையத் தூக்க முடியல அதால. நேத்துலேர்ந்து என்னையே யாருன்னு கேட்டுக்கினு கீது. மருந்து அடிச்ச ரூமைத் தொடச்சதுனாலதான் இப்படி ஆயிக்கீதா சார்? ஒரே பேஜாரா கீது. பொய் மட்டும் சொல்லாதீங்க."

என் முதுகு நிமிர்ந்துவிட்டது. "அந்த மருந்தால இப்படி விடாம காய்ச்சல் அடிக்காதுங்க. பேர், அளவு எல்லாம் டாக்டர்கிட்ட நானே சொல்றேன்" என்று கறாராகப் பதில் சொன்னேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நிமிடம் எனக்கு வந்தது கவலை இல்லை, நிம்மதி. நம் மருந்து இல்லை, நம் தலைக்கு வராது என்ற நிம்மதி. அதற்கு அப்புறம்தான், பேச்சை முடிக்க வேண்டுமே என்று, "டாக்டர் என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"கை கால்லாம் செவப்பு செவப்பா புள்ளி போட்டுக்கீது சார். உள்ளங்கையிலகூட கீது. அத்த பார்த்துட்டு, உண்ணி கிண்ணி கடிச்சுதான்னு டாக்டரம்மா கேட்டாங்க. எனக்கு இன்னா தெரியும்? ஹாஸ்டல் மேனேஜரு பார்க்க வந்திருந்தாரு. அவருதான் போன்ல உங்க பேப்பரைக் காட்டினாரு. உண்ணி இல்லன்னு எழுதிக்கீதே, அப்போ வேற ஏதோன்னு சொல்லிட்டாங்க."

அவர் எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னார். போனை வைத்தேன்.

இழுப்பறையைத் திறந்து குப்பியை எடுத்தேன். தானிய வண்டுகளைப் பார்ப்பதற்காக அலுவலகத்தில் ஒரு பழைய நுண்ணோக்கி இருந்தது. அவசரத்தில் முதல் துளி கண்ணாடிக்கு வெளியே விழுந்தது. இரண்டாவது சரியாக விழுந்தது.

கால் ஆறுதான். அதில் நான் தப்புச் செய்யவில்லை. ஆனால் தலை என்று நான் நினைத்தது தலை இல்லை, முன்னால் துருத்திக்கொண்டிருந்த வாய். உணர்கொம்பைத் தேடினேன். இல்லை. தலை முடிந்து மார்பு தொடங்கும் இடம் எங்கே என்று தேடினேன். மார்பு முடிந்து வயிறு தொடங்கும் இடத்தைத் தேடினேன். மூட்டைப்பூச்சிக் குஞ்சாக இருந்தால் வயிற்றில் வளையம் வளையமாகக் கோடு தெரிய வேண்டும். எதுவுமே இல்லை. ஒரே பை. பையின் இரண்டு பக்கமும் மும்மூன்று கால்கள்.

உண்ணி முட்டையை விட்டு வரும்போது ஆறு காலோடுதான் வரும். ரத்தம் குடித்து, ஒரு தடவை தோல் உரித்த பிறகுதான் எட்டுக் கால் ஆகும். கல்லூரியில் இதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அன்றைக்கு அந்த அறையில் ஆறு என்ற எண் கிடைத்ததும் லென்ஸை இறக்கிவிட்டேன். எனக்கு வேண்டிய விடை வந்துவிட்டது, அப்புறம் எதற்குப் பார்க்க வேண்டும்?

கிளை மேலாளரின் அறைக்கு ஓடினேன். என்னைவிட வயதில் இளையவர், நல்ல மனிதர். முழுவதையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சார், பதறாதீங்க. சாம்பிளை வெளியில ஒரு லேப்புக்கு அனுப்பலாம். அவங்க கன்ஃபர்ம் பண்ணதும் திருத்தின ரிப்போர்ட் குடுக்கலாம். ஒரு வாரம்தானே. இப்ப நாமளே போய் தப்புன்னு சொல்லிட்டு, அந்தம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிட்டா பழி முழுக்க நம்ம தலையிலதான் விழும்."

தப்பாக நினைக்காதீர்கள், அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. ஒரு தடவை தப்பாகச் சொன்னவன் இரண்டாவது தடவையும் தப்பாகச் சொன்னால்? நான் பாட்டுக்கு உண்ணி என்று போய் நின்று, டாக்டர் அந்தப் பக்கம் திரும்பி, உண்மையான நோய் வேறு எதுவாகவோ இருந்துவிட்டால்? வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தேன்.

அப்புறம் எனக்கு நானே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது எது? தேசம்மாவுக்கு என்ன காய்ச்சல் என்பது எனக்குத் தெரியாது, அது என் வேலையும் இல்லை. ஆனால் 'உண்ணி இல்லை' என்று நான் எழுதியது பொய். அது நிச்சயமாகத் தெரியும். அந்தப் பொய்யை நம்பி ஒரு டாக்டர் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். மீதியை அவர் முடிவு செய்துகொள்ளட்டும், அந்தத் தாளை மட்டும் அவர் கையிலிருந்து நான் வாங்கிவிட வேண்டும். நெருக்கடி வரும்போது உங்களுக்கும் இந்தக் கேள்வி உதவும். எல்லாவற்றையும் தீர்க்கப் போகாதீர்கள், நீங்கள் போட்ட முடிச்சு எது என்று பார்த்து அதை அவிழ்த்துவிட்டு வாருங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. ஏகாம்பரத்தின் போன் அணைந்திருந்தது. விடுதி மேலாளர் ஏதோ கூட்டத்தில் இருந்தார். குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். கிளை மேலாளர் வாசல் வரை வந்து நின்றார். தடுக்கவில்லை, போய் வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

கொல்கத்தா நெடுஞ்சாலையில் அந்த நேரத்துக்கு இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர்கள் வரிசை கட்டிப் போகும். ஒவ்வொன்றையும் தாண்டும்போது இடது கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. குப்பி உடைந்துவிட்டால் என்ன செய்வேன்? நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் ரயில்வே கேட் மூடியிருந்தது. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுபோகும் வண்டி, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. நான் பெட்டிகளை எண்ண ஆரம்பித்திருந்தேன். எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்ததும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

வார்டு வாசலில் ஏகாம்பரம் தரையில் உட்கார்ந்திருந்தார். "போன்ல சார்ஜ் இல்ல சார்" என்றார், ஏதோ அவர்தான் தப்புச் செய்துவிட்டது போல. உள்ளே தேசம்மாவைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது, பார்வை எங்கேயும் நிற்கவில்லை. உதடு வெடித்திருந்தது. போர்வைக்கு வெளியே கிடந்த உள்ளங்கையில் சிவப்புப் புள்ளிகள்.

டாக்டர் இளம் பெண், என் மகள் வயது இருக்கும். குப்பியை மேஜையில் வைத்தேன். வழியெல்லாம் என்னென்னவோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். வாயில் வந்தது இவ்வளவுதான்:

"உண்ணி இல்லைன்னு எழுதினது நான்தான் டாக்டர். அது தப்பு. உண்ணிக் குஞ்சு இருந்தது. இதோ."

அவர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எப்ப எடுத்தது?"

"பன்னிரண்டு நாள் ஆச்சு."

"அப்புறம் ஏன் பரிசோதித்தேன்னு எழுதினீங்க?"

அவர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. "முந்தாநாளே எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. உங்க பேப்பரைப் பார்த்துத்தான் தள்ளி வச்சேன். நானும் தள்ளி வச்சிருக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே நர்ஸைக் கூப்பிட்டார். உண்ணிக் காய்ச்சலுக்கான மருந்து எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிற சாதாரண மருந்து. அந்தச் சாதாரண மருந்துக்கும் தேசம்மாவுக்கும் நடுவில் இரண்டு நாளாக நின்றுகொண்டிருந்தது என் கையெழுத்து.

அங்கிருந்தே விடுதி மேலாளரைப் பிடித்தேன். காய்ச்சல் என்று படுத்திருக்கும் பிள்ளைகள் யார் யார் என்று கேட்டு உடனே டாக்டரிடம் அனுப்பச் சொன்னேன். இரண்டு பேர் வந்தார்கள், இருவருக்கும் சளிக் காய்ச்சல்தான். மறுநாள் கொல்லைப்புறம், வெளிச்சுவர், நாய்கள் எல்லாவற்றையும் பார்த்து முடித்தோம். கிளை மேலாளர் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதெல்லாம் அப்போது எனக்குப் பெரிதாகவே படவில்லை. ஏகாம்பரத்தின் பெயர் திரையில் வந்தால் எடுக்கக் கை வராது. எடுக்காமல் இருக்கவும் முடியாது. முதல் நாள் "அப்படியேதான் கீது சார்" என்றார். இரண்டாம் நாளும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் மத்தியானம், "இப்போ எம் பேரைச் சொல்லிக் கூப்ட்டுச்சு சார்" என்று சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

பிழைத்துக்கொண்டாளே, அப்புறம் என்ன என்று உங்களில் ஒருவர் கேட்பீர்கள். பிழைத்தது அவள் அதிர்ஷ்டம், என் சாமர்த்தியம் இல்லை. அதற்குப் பிறகு ரிப்போர்ட்டில் 'இல்லை' என்ற சொல்லை நான் எழுதியதே கிடையாது. எந்த இடத்தைப் பார்த்தேன், எந்த இடத்தைப் பார்க்கவில்லை என்று மட்டும் எழுதுவேன். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். காலை எண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணி முடித்ததும் லென்ஸை இறக்காதீர்கள். தலை எங்கே, மார்பு எங்கே, வயிறு எங்கே, உணர்கொம்பு எங்கே என்று உடம்பு முழுவதையும் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் வாயை மூடிக்கொண்டு குப்பியை மூடுங்கள். பக்கத்தில் ஒருவர் "இது அது இல்லை" என்று சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை அந்த அறையில் நான் கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஆஸ்பத்திரியில்தான் கேட்டேன். தேசம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாகிவிட்டிருந்தாள். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "வுடுங்க சார்" என்றாள்.

"அன்னைக்கு எதை வச்சும்மா அது உண்ணின்னு சொன்னே? கால்கூடத் தெரியலைன்னியே."

"கால எதுக்கு சார் பார்க்கணும்? பூச்சின்னா தலை தனியா தெரியும், மீசை ஆட்டிக்கினு இருக்கும். வயிறு தனியா கோடு கோடா இருக்கும். எறும்பப் பாரு, கரப்பானப் பாரு, எல்லாம் அப்படித்தான் கீது. இதுக்குத் தலையும் இல்ல, கழுத்தும் இல்ல. தெனமும் பெருக்கித் தள்றவளுக்குத் தெரியாதா சார்?"

பட்டம் வாங்கிய நான் பார்க்காததை அவள் துடைப்பத்தைப் பிடித்தபடியே பார்த்திருக்கிறாள். பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, அதையும் கேட்டுத் தொலைத்தேன்.

"இவ்வளவு தெரிஞ்ச நீ எப்படிம்மா கடி வாங்கினே? ஒதுங்கி இருந்திருக்கலாமே."

"நாய்ங்க காதாண்ட கொத்துக் கொத்தா ஒட்டிக்கினு இருந்துச்சு சார். பாவமா இருந்துச்சு. ஒக்காந்து ஒண்ணொண்ணா எடுத்து நசுக்கிப் போட்டேன்."

"கையாலயா?"

"முன்னெல்லாம் குச்சியாலதான் சார் எடுப்பேன்" என்றாள் தேசம்மா. "நீங்க உண்ணி இல்லன்னு சொன்ன பெறகுதான் கையால."